வாடை போன பிறகு

கழிவறைக் கோப்பையின் மஞ்சள் கறை போகவில்லை. ஊற்றி வைத்த ஆசிட் பாதி வேலைதான் செய்திருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி கழுவ வாங்கிய ப்ளீச்சிங் பவுடர் பரணில் கிடக்கிறது. அதையும் ஒரு பிடி தூவித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று கை பரபரக்கும். தூவிய சில விநாடிகளில் ஆளைத் தள்ளும் காரமான நெடி கிளம்புகிறது. கண் எரிகிறது, தொண்டை இறுகுகிறது, இருமல் பிடித்துக்கொள்கிறது. வெளியே ஓடிவந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் "இப்போ பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மிச்ச வேலையைப் பார்க்கப் போவதுதான் நம் வீடுகளில் வழக்கம். போகிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இது இன்னும் அதிகம்.

அந்தப் "பரவாயில்லை"க்குப் பிறகு உடம்பில் என்ன நடக்கலாம், எவ்வளவு நேரம் கவனிக்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். ரசாயனம் பட்டால் நாம் வாடையையும் வலியையும் வைத்தே ஆபத்தை அளக்கிறோம். வாடை போய்விட்டால், வலி குறைந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். வாடை மூக்குக்குப் பழகிப்போகும். சில பொருள்கள் முதலில் வலிக்கவே வலிக்காது. இரண்டையும்விட நம்பகமானது சுவரில் இருக்கும் கடிகாரம். என்ன பொருள், எத்தனை மணிக்குப் பட்டது என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி மருத்துவம் முடிந்தது.

மூச்சில் போனது

பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சிங் பவுடரில் கால்சியம் ஹைப்போகுளோரைட், பாட்டிலில் வரும் திரவ ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகர்ப் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். அங்கே டன் கணக்கு, இங்கே ஒரு பிடி. ஆனால் அது திறந்தவெளி. நம் கழிவறையோ நாலுக்கு நாலு அடி, கதவு சாத்தியிருக்கும், தலைக்கு மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். குத்தவைத்து உட்கார்ந்து தேய்ப்பவரின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஏதோ சத்தம் கேட்டு ஓடிவரும் குழந்தையின் முகமும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்றவற்றை ப்ளீச்சோடு சேர்த்தாலும் இதேதான் நடக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தை ப்ளீச்சோடு சேர்த்தால் குளோரமின் என்ற வேறொரு எரிச்சல் வாயு வரும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: வீடியோக்களில் பிரபலமான சமையல் சோடா, வினிகர் கலவை ஆபத்தில்லாதது. நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று சமன்செய்து விடுவதால் பெரிதாக எதையும் சுத்தம் செய்யாது.

குளோரின் மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாக மாறுகிறது. நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு என்றால் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். குளோரின் நடுத்தரமாகக் கரைவதால் ஒரு பகுதி நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே ஏற்படும் வீக்கம் உடனே தெரியாது. மதியம் நெடியை இழுத்தவருக்கு, மாலையில் சரியாகிவிட்டது போல் தோன்றி, இரவில் மூச்சிரைப்பு தொடங்கலாம். நுரையீரலில் நீர் கோப்பது என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த நிலை சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டக்கூடியது. அதனால்தான் முதல் 24 மணி நேரம் கவனிப்பில் இருக்க வேண்டும் என்கிறோம். வீட்டு விபத்துகளில் பெரும்பாலானவை கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமலோடு ஓரிரு நாளில் அடங்கிவிடுகின்றன. பயந்து நடுங்கத் தேவையில்லை; தூங்கப் போகும்போது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நெடி கிளம்பியதும் வெளியே வந்துவிடுங்கள். "தண்ணி ஊத்தி ஃப்ளஷ் பண்ணிட்டு வந்துடறேன்" என்று மூச்சை அடக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கோப்பை அப்படியே இருக்கட்டும். கதவைத் திறந்து போடுங்கள். எக்ஸாஸ்ட் சுவிட்ச் வெளியே இருந்தால் போடுங்கள். கைக்குட்டையோ கோவிட் காலத்து என்95 முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது. அது தூசைத்தான் வடிகட்டும். துணியை மாற்றி, முகத்தையும் கண்ணையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நிமிர்ந்து உட்காருங்கள். அன்றைக்கு மாடிப்படி ஏறுவது, குடம் தூக்குவது, சிகரெட் எல்லாம் வேண்டாம். ஆஸ்துமாக்காரர்கள் வழக்கமான இன்ஹேலரை எடுத்துக்கொள்ளலாம். ஆவி பிடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே போன வாயுவை ஆவி வெளியே கொண்டுவராது. புண்பட்ட மூச்சுக்குழாயில் சூடு சேர்வதும் முகம் வெந்துபோவதும்தான் மிச்சம்.

முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்குதல், மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், நுரையாக வரும் சளி, குரல் மாறிப்போதல், உதடு நீலம் பாரித்தல், தலைசுற்றி மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் இருந்தால் பார்க்கலாம், ஆனால் முதல் மணி நேரத்தில் 98 காட்டுவதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். முதலில் எடுக்கும் எக்ஸ்ரேவும் சுத்தமாக இருக்கலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், அறைக்குள்ளேயே சற்று நேரம் மாட்டிக்கொண்டவர்கள் ஆகியோர் தொந்தரவு லேசாக இருந்தாலும் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: "ரத்தத்தில் கலந்திருக்குமா?" குளோரின் பட்ட இடத்திலேயே வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. உடம்பில் சேர்ந்து தங்குவதில்லை. ஆகவே நச்சு நீக்கும் கஷாயம், இளநீர் வைத்தியம், ரத்தச் சுத்திகரிப்பு மாத்திரை எதற்கும் இங்கே வேலை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான். ஒரு முறை நெடி அடித்து, இருமலோடு போய்விட்டால் அந்த வாயு குழந்தையைச் சென்றடைவதில்லை. தாய்க்கு மூச்சுத்திணறல் வந்தால்தான் கவலை. அது ஆக்சிஜன் குறைவதைப் பற்றிய கவலை.

இன்னொரு பின்விளைவு வாரக் கணக்கில் நீளும். ஒரே ஒரு நாள் கடுமையான நெடியை இழுத்தவருக்கு, அதற்குமுன் ஆஸ்துமா என்பதே இல்லாதவருக்கு, ஆஸ்துமா போன்ற இழுப்பும் இருமலும் தொடங்கி மாதக்கணக்கில் நீடிப்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1985-இல் தனி நோயாக விவரித்தார்கள். தொந்தரவு 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பது இதன் அடையாளம். நம்மூரில் இது "அலர்ஜி", "சளி கட்டியிருக்கு" என்ற பெயரில் சிரப் மேல் சிரப்பாகப் போகும். இருமல் 2 வாரம் தாண்டினால் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, "இந்தத் தேதியில் ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்த நெடி அடித்தது, அன்றிலிருந்துதான்" என்று சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தை நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்ற வாய்ப்பே இல்லை.

கண்ணிலும் தோலிலும் பட்டது

ஆசிட் பட்டால் சுரீரென்று எரியும். கை தானாகக் குழாய்க்குப் போகும். சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா அப்படியில்லை. தொட்டால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பு உங்கள் தோலின் கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருப்பது. அமிலம் பட்ட இடத்தின் புரதத்தை உறையவைத்துத் தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்கிறது. காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டால் சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டிவிடும். "ஆசிட்தான் ஆபத்து, சோடா பரவாயில்லை" என்ற நினைப்பு தலைகீழானது.

மருந்து ஒன்றுதான்: ஓடும் தண்ணீர், கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். கேட்க எளிது, செய்பவர் குறைவு. 2 நிமிடம் கழுவியதும் 10 நிமிடம் ஆனது போல் தோன்றும். கண் என்றால், பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நல்ல கண்ணுக்குள் போய்விடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கேன் தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். கண் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆட்டோவிலும் ஊற்றிக்கொண்டே போகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் விடுவதில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் பார்வையிலிருந்து கழிகிறது. வலி நின்றாலும் அன்றே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தோலில் பட்டால் துணி, செருப்பு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் முதலில் அகற்றுங்கள். அவற்றுக்கடியில் தேங்கும் திரவம் எரித்துக்கொண்டே இருக்கும். பொடியாக இருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர். ஆசிட்டுக்குச் சமையல் சோடா, காஸ்டிக் சோடாவுக்கு எலுமிச்சை என்று முறிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். அந்த வினையில் கிளம்பும் சூடு புண்ணை ஆழமாக்கும். துருக்கறை நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது மிகத் தந்திரமானது. நீர்த்த நிலையில் பட்டால் தோல் சாதாரணமாக இருக்கும். சில மணி நேரம் கழித்துப் பொறுக்க முடியாத வலி எலும்பு வரை இறங்கும். அதற்குத் தனி மருந்தாக கால்சியம் குளுக்கோனேட் இருக்கிறது. கறை நீக்கித் திரவம் பட்ட இடத்தில் இரவில் வலி எடுத்தால் பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விழுங்கியது

தெருவில் சைக்கிளிலும் டிவிஎஸ் வண்டியிலும் "ஆசிட், பினாயில்" என்று கூவி விற்பவரிடம் காலியான தண்ணீர் பாட்டிலை நீட்டி வாங்குகிறோம். அந்த ஒரு செயலில் இரண்டு ஆபத்துகள். லேபிள் இல்லாததால் எவ்வளவு அடர்த்தி என்று யாருக்கும் தெரியாது. பிராண்ட் பாட்டிலில் அமிலம் சுமார் 10 சதவீதம், இதில் எவ்வளவோ. இரண்டாவது, அது தண்ணீர் பாட்டில். விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளையும், கரண்ட் போன நேரத்தில் தாகம் எடுத்த தாத்தாவும் எடுத்துக் குடிப்பது தண்ணீர் என்று நினைத்துத்தான். ஆசிட் வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, வாங்குபவரின் அடையாளத்தைப் பதிய வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. வண்டிக்காரரிடம் பதிவேடு எதையும் நான் பார்த்ததில்லை.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல், எதுவும் வேண்டாம். இறங்கும்போது ஒரு முறை எரித்த உணவுக்குழாயை ஏறும்போது இன்னொரு முறை எரிக்கும், மூச்சுக்குழாய்க்குள்ளும் சிந்தும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், துணியை மாற்றுங்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மருத்துவர் சொல்லாமல் பால், முட்டை வெள்ளைக்கரு, மோர் எதையும் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனை வாசலில் உறவினர்கள் முதலில் கேட்பது, "வயித்தக் கழுவிட்டீங்களா டாக்டர்?" பூச்சிமருந்து குடித்தவருக்குச் செய்ததைப் பார்த்த பழக்கம். ஆசிட், காஸ்டிக், மண்ணெண்ணெய் வகைகளுக்கு வயிற்றைக் கழுவுவது கெடுதல். கழுவவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று பொருளல்ல. கழுவச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். மருத்துவர்கள் செய்ய விரும்புவது, பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்குள், எண்டோஸ்கோப்பி. வாயில் புண்ணே இல்லாமல் உணவுக்குழாய் வெந்திருக்கலாம் என்பதால் அதற்குச் சம்மதியுங்கள்.

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட ஆரம்பித்ததும் பலர் மறுபரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆறும் தழும்பு சுருங்கி உணவுக்குழாயை அடைப்பது பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். முதலில் சோறு சிக்கும், அப்புறம் இட்லி, கடைசியில் கஞ்சி. சீக்கிரம் போனால் குழாயை விரித்துவிடும் சிகிச்சை எளிதாக இருக்கும். காஸ்டிக் குடித்துப் பிழைத்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வாழ்நாள் முழுக்க எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தப் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பினாயிலில் பயம் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான். குடித்த உடனே இருமல் வந்தால் கொஞ்சம் மூச்சுக்குழாயில் போயிருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் பினாயில் தாரிலிருந்து வரும் ஃபீனால் வகைகள் சேர்ந்தது. அது தோல் வழியாகவும் ரத்தத்தில் ஏறி, மயக்கமும் வலிப்பும் கொடுக்கும், சிறுநீர் கறுத்துப்போகும்.

பாச்சா உருண்டை, அந்துருண்டை என்று ஊருக்கொரு பெயர் சொல்லும் நாப்தலீனும் ரத்தத்தைத் தொடும் பொருள்தான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இதனால் சிவப்பணுக்கள் உடைந்து, ஓரிரு நாள் கழித்து உடம்பு வெளுத்து, மஞ்சள் காமாலை வரும். விழுங்கத் தேவையில்லை. பச்சைக் குழந்தைக்குப் புதுத் துணி உறுத்தும் என்று பாட்டியின் பீரோவிலிருந்து பழைய வேட்டியை எடுத்துச் சுற்றுகிறோமே, அதில் மாதக்கணக்கில் உருண்டை போட்டு வைத்திருந்தால் அந்தத் துணியின் ஆவியே போதும். துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தாமல் சுற்றாதீர்கள். உருண்டையே போடாமல் வைப்பது அதைவிட நல்லது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக

விபத்து எதுவும் நடக்காமல், வருடக்கணக்கில் வீடு துடைப்பதாலேயே மூச்சு கெடுமா? நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஐரோப்பியர்கள் 6,235 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு வயதாக ஆக எல்லோருக்கும் குறையும். சுத்தம் செய்யாத பெண்களுக்கு அது ஆண்டுக்கு 18.5 மில்லி குறைந்தது. வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு 22.1 மில்லி, அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு 22.4 மில்லி. ஆண்டுக்கணக்கில் சிறிய வித்தியாசம், சேர்ந்தால் சிறியதல்ல. 2007-இல் வந்த இன்னொரு ஐரோப்பிய ஆய்வில், வாரம் ஒரு முறையாவது ஸ்ப்ரே வகைகளைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆஸ்துமாத் தொந்தரவு கூடியிருந்தது. துணியில் ஊற்றித் துடைக்கும் திரவங்களுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. ஐரோப்பிய வீடுகளின் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நம் ஜன்னல்கள் திறந்திருக்கும், ஆனால் நம் ஆசிட் கடுமையானது. எப்படியானாலும் ஸ்ப்ரேவை நேராக அடுப்பு மேடையில் அடிப்பதைவிடத் துணியில் அடித்துத் துடைப்பது செலவில்லாத திருத்தம்.

இந்தக் கேடு வீட்டுக்காரர்களைவிட வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத்தான் அதிகம். அவர் ஒரு நாளில் நாலைந்து வீட்டுக் கழிவறை கழுவுகிறார், பெரும்பாலும் கையுறை இல்லாமல், வெறுங்காலோடு. விரலிடுக்கு வெடிப்பும் கைச் சொறியும் "தண்ணில நிக்கிறதால" என்று ஒதுக்கப்படும். அவருடைய இருமலுக்கு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தபோது குறைந்ததா? குறைந்தது என்றால் காரணம் வேலையில் இருக்கிறது. ரப்பர் கையுறையும் செருப்பும் வாங்கித் தருவது, கடும் ஆசிட்டை நிறுத்தி சோப்புத் தூளும் பிரஷும் கொடுப்பது, கறை போகவில்லை என்று முகம் சுளிக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. கோப்பையில் ஒட்டிய உப்புநீர்க் கறை நோய் பரப்புவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது பாட்டிலையோ கவரையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள், முடியாவிட்டால் லேபிளைப் படம் எடுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் ஊர் மருத்துவரும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழில் ஆலோசனை கேட்க 104, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த மூன்று எண்களையும் இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் போனில் பதிந்துகொள்ளுங்கள். வேலைக்கு வரும் அக்காவின் போனிலும் பதிந்து கொடுங்கள்.